பணிவாகத்தான் எழுதினேன், பிறகு ஏன் திமிர் என்கிறார்கள்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரைப் பின்தொடர்ந்து முடித்துக் கொடுப்பவராக இருக்கிறீர்கள். டையிங் யூனிட்டுக்கு (சாயப்பட்டறைக்கு) நீங்கள் அனுப்பிய மூன்று வரி மெயிலைப் படித்த அதன் உரிமையாளர் உங்கள் மேனேஜரிடம், "அந்தப் பொண்ணு ரொம்பத் திமிரா எழுதுதுங்க" என்று சொல்லியிருக்கிறார். மெயில் இதுதான்: "லேப் டிப் நேற்றே வர வேண்டும் என்று சொல்லியிருந்தேன். இன்னும் வரவில்லை. உடனே அனுப்பவும்." (தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு: ஆர்டருக்கான நிறத்தைச் சிறு துணித்துண்டில் ஏற்றி, பையரின், அதாவது சரக்கை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் ஒப்புதலுக்கு அனுப்புவதுதான் லேப் டிப்.) இதில் ஒரு தவறான சொல்கூட இல்லையே, இதைவிடப் பணிவாக எழுதினால் வேலை நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எழுத்தில் தொனி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது ஒன்று. தொனியைத் தணித்தால் அவசரமும் சேர்ந்து தணிந்துவிடாதா என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று தோன்றுவதால் அதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். தணியாது. தமிழில் மரியாதை வினைச்சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவசரம் தேதியிலும் மணியிலும் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு இடங்கள் என்பதால் ஒன்றைக் கூட்ட இன்னொன்றைக் குறைக்க வேண்டியதில்லை.

எழுதியவருக்குத் தன் எழுத்தின் தொனி தெரியாமல் போவது நிரூபிக்கப்பட்ட விஷயம். ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்ளி முதலானோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சில வாக்கியங்களை நேர்ப்பொருளிலும் சிலவற்றைக் கிண்டலாகவும் மெயிலில் எழுதி அனுப்பச் சொன்னார்கள். எது கிண்டல் என்று எதிரே இருப்பவர் கண்டுபிடிக்க வேண்டும். 78 சதவீதம் சரியாகப் பிடித்துவிடுவார்கள் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். பிடித்ததோ 56 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்கும். அதே வாக்கியங்களைக் குரலில் சொன்னபோது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு சரியாகப் போய்ச் சேர்ந்தது. உங்களுக்குப் பயன்படக்கூடிய இன்னொரு முடிவும் அதில் உண்டு: படிப்பவர் நண்பராக இருந்தாலும் முன்பின் தெரியாதவரைவிடச் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை. "அவருக்கு என்னைத் தெரியும், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்" என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று பொருள்.

காரணம் எளிமையானது. எழுதும்போது நம் காதில் நம் குரல் ஓடிக்கொண்டிருக்கிறது, அது தாளில் இறங்குவதில்லை. ஸ்டான்ஃபோர்டில் 1990-இல் எலிசபெத் நியூட்டன் செய்த சோதனையில், தெரிந்த பாடல்களின் தாளத்தை மேசையில் தட்டிக் காட்டினார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் பாட்டைக் கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்று. "உடனே அனுப்பவும்" என்று தட்டெழுதும்போது உங்கள் காதில் கேட்டது, "அண்ணா, கொஞ்சம் சீக்கிரம் அனுப்பிடுங்கண்ணா" என்ற பதற்றமான குரலாக இருந்திருக்கும். அவருக்குக் கேட்டது மேசையில் மூன்று தட்டு.

அந்தத் தட்டுக்கு அவர் எந்தப் பாட்டைப் பொருத்துவார் என்பதில் உறுதி கொஞ்சம் குறைகிறது. கிறிஸ்டின் பைரன் 2008-இல் எழுதிய கட்டுரையில் இரண்டு போக்குகளைச் சொன்னார்: மகிழ்ச்சியாக எழுதிய மெயில் சாதாரணமாகப் படிக்கப்படும், சாதாரணமாக எழுதியது எரிச்சலாகப் படிக்கப்படும். அது அப்போது ஒரு கோட்பாடாக முன்வைக்கப்பட்டது, அளந்து எடுத்த எண் இல்லை. ஆனால் அலுவலகக் கடிதங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் யாரும் மறுக்காத போக்கு அது. எந்த உணர்ச்சியும் காட்டாமல் எழுதிய மெயில் ஒரு படி கீழே இறங்கித்தான் படிக்கப்படும் என்று வைத்துக்கொண்டு எழுதுவது நல்லது. இதற்கு நேர்மாறாக, பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி காட்டும் ஒரு கணக்கை நம்ப வேண்டாம்: "பேச்சில் சொற்களுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55" என்பது. ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் செய்த சோதனைகளிலிருந்து வந்த எண்கள் அவை. ஒரு தனிச் சொல் ஒரு பக்கமும் குரலோ முகமோ மறுபக்கமும் இழுக்கும்போது, சொல்பவரின் விருப்பு வெறுப்பை எதை வைத்து முடிவுசெய்கிறோம் என்பதுதான் அங்கே சோதிக்கப்பட்டது. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். மெயிலில் 93 சதவீதம் தொலைந்துபோகிறது என்பது உண்மையானால் யாரும் மெயிலில் வேலை பார்க்கவே முடியாது.

இப்போது உங்கள் மூன்று வரிக்கு வருகிறேன். முதலில் அதில் சரியாக இருப்பது: "வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள், "நீங்கள் அனுப்பவில்லை" என்று எழுதவில்லை. பொருளை எழுவாயாக வைத்தால் ஆள் தப்பித்துக்கொள்கிறார், பிரச்சினை மட்டும் மேசைமேல் நிற்கிறது. தமிழ் இதற்கு மிக வசதியான மொழி. உடைந்தது, உடைத்தீர்கள்; தவறியது, தவறவிட்டீர்கள்; நின்றது, நிறுத்தினீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஆளைச் சுட்டாத வினை தயாராக இருக்கிறது. குறை சொல்ல வேண்டிய இடத்தில் முதலாவதைப் பயன்படுத்துங்கள். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டாவதை. "சரக்கு நேரத்துக்கு வந்தது" என்பதைவிட "நேரத்துக்கு அனுப்பிவிட்டீர்கள், நன்றி" என்பது அவருக்குப் போய்ச் சேரும்.

அவரைப் புண்படுத்தியது "அனுப்பவும்". இலக்கணப்படி அது மரியாதைக் குறைவு இல்லை. ஆனால் அதற்குள் முன்னிலை ஆள் இல்லை. "அனுப்புங்கள்" என்பதில் எதிரே ஒருவர் நிற்கிறார், அவருக்கான "ங்கள்" இருக்கிறது. "அனுப்பவும்" என்பது யாரையும் பார்க்காத வினை. "காலணிகளை வெளியே விடவும்", "வரிசையில் நிற்கவும்", "சரியான சில்லறை கொடுக்கவும்" என்று பலகை பேசும் மொழி அது. முகத்துக்கு நேரே யாரும் யாரிடமும் "தண்ணீர் கொடுக்கவும்" என்று கேட்பதில்லை. சுற்றறிக்கைக்கு அது பொருத்தமான வடிவம், ஏனென்றால் சுற்றறிக்கைக்குத் தனி வாசகர் இல்லை. ஒரே ஒருவருக்கு எழுதும்போது அது அவரைப் பலகை முன்னால் நிறுத்துகிறது. கொங்குப் பகுதியில் இது இன்னும் கூர்மையாகக் கேட்கும் என்பது என் கருத்து. ஆமாங்க, இல்லைங்க, சரிங்க என்று ஒற்றைச் சொல்லுக்கும் "ங்க" சேர்த்துப் பேசும் காதுக்கு, அது இல்லாத இடம் வெறுமையாக இருக்காது, வேண்டுமென்றே எடுத்துவிட்டதுபோல் இருக்கும்.

அடுத்தது "நேற்றே". அந்த ஏகாரம் ஒற்றை எழுத்தில் ஒரு குற்றச்சாட்டு. "நேற்று வர வேண்டியது" என்றால் தகவல். "நேற்றே வர வேண்டியது" என்றால் விசாரணை. "சொன்னேன்" தகவல், "சொன்னேனே" சண்டை. இப்படி நம் மொழியில் தொனி பெரும்பாலும் இடைச்சொற்களில் உட்கார்ந்திருக்கிறது. "இன்று மாலைக்குள் அனுப்புங்கள்" என்பதற்கும் "இன்றாவது அனுப்புங்கள்" என்பதற்கும் கேட்கும் பொருள் ஒன்றுதான், ஆனால் அந்த "ஆவது" இதுவரை நடந்த தாமதங்களை எல்லாம் சேர்த்துக் கட்டிக்கொண்டு வருகிறது. "ஒரு போன்கூட இல்லை" என்பதில் "கூட", "நீங்கள்தான் ஒத்துக்கொண்டீர்கள்" என்பதில் "தான்", இவை எல்லாம் அதே குடும்பம். பேச்சில் இவற்றைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம், எழுத்தில் சிரிப்பு வராது. மெயிலை அனுப்பும் முன் ஒரே ஒரு திருத்தம் செய்ய நேரம் இருந்தால் ஏ, தான், கூட, ஆவது நான்கையும் தேடுங்கள். காலத்தோடோ ஆளோடோ ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். பொருளோடு ஒட்டியிருந்தால் பெரும்பாலும் இருக்கட்டும்: "நேவியை மட்டுமாவது அனுப்புங்கள்" என்பதில் இருக்கும் "ஆவது" விட்டுக்கொடுப்பது, குத்துவது இல்லை.

"சொல்லியிருந்தேன்" என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த இறந்தகால வடிவம் "நான் என் கடமையைச் செய்துவிட்டேன், பதிவு இருக்கிறது" என்று கேட்கும். பழைய பேச்சை நினைவூட்ட வேண்டியிருந்தால் "நாம்" உதவும். ஆங்கிலத்தில் இல்லாத வசதி இது: "நாங்கள்" எதிரே இருப்பவரை வெளியே வைக்கிறது, "நாம்" உள்ளே சேர்க்கிறது. "நாங்கள் சொன்ன தேதி" என்றால் கம்பெனி ஒரு பக்கம், யூனிட் மறுபக்கம். "நாம் பேசி வைத்த தேதி" என்றால் இருவரும் ஒரே பக்கம் நின்று தேதியைப் பார்க்கிறீர்கள். ஆனால் தவறு உங்கள் பக்கம் இருக்கும்போது "நாம்" போடாதீர்கள். உங்கள் கம்பெனி பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) அனுப்பத் தாமதித்துவிட்டு "நாம் கொஞ்சம் தாமதித்துவிட்டோம்" என்று எழுதினால், பாதிப் பழியை அவர் தலையில் வைத்ததாகத்தான் படிப்பார். அங்கே "எங்கள் பக்கம் தாமதமாகிவிட்டது" என்பதே நேர்மை.

இவ்வளவும் சேர்த்து உங்கள் மெயிலைத் திருப்பி எழுதினால் ஏறத்தாழ இப்படி வரும்: "வணக்கம் அண்ணா. நேவி, மெரூன் இரண்டுக்கும் லேப் டிப் இன்று மாலை 4 மணிக்குள் வேண்டும். 5 மணிக் கூரியரைப் பிடித்தால்தான் பையர் வியாழக்கிழமை பார்ப்பார். அது தவறினால் நமக்கு டையிங் திங்கட்கிழமைக்குப் போய்விடும். மெரூன் இன்னும் செட் ஆகவில்லை என்றால் நேவியை மட்டுமாவது அனுப்புங்கள். எது எத்தனை மணிக்கு வரும் என்று 12 மணிக்குள் ஒரு வரி சொல்லுங்கள்." இது முன்னதைவிட நீளம். ஆனால் முன்னதைவிடக் கறாரானது. "உடனே" என்பதற்கு அவர் யூனிட்டில் பத்துப் பேர் பத்து அர்த்தம் வைத்திருப்பார்கள், 4 மணிக்கு ஒரே அர்த்தம். ஏன் 4 மணி என்பதற்கும் காரணம் இருக்கிறது. காரணம் சொல்லாமல் விட்ட இடத்தில் படிப்பவர் தானே ஒன்றைப் போட்டுக்கொள்வார், அது பெரும்பாலும் "இந்தப் பொண்ணுக்கு அதிகாரம்" என்பதாக இருக்கும். தொனி கெட்டுப்போன மெயில்களில் பாதிக்கு மேல் உண்மையில் காரணம் எழுதாத மெயில்கள் என்பது என் மதிப்பீடு. முழுதும் முடியாவிட்டால் பாதிக்கு ஒரு வழி இருப்பதையும், 12 மணிக்கு ஒரு சிறிய வேலை இருப்பதையும் கவனியுங்கள். முழு வேலையும் முடியாத நிலையில் இருப்பவர் மெயிலுக்குப் பதிலே போடாமல் இருந்துவிடுவார். ஒரு வரி மட்டும் கேட்டால் அவருக்கும் பதில் போட முடிகிறது, உங்களுக்கும் நிலவரம் தெரிகிறது.

மரியாதையைக் கூட்டுவதாக நினைத்துச் சேர்க்கும் சில சொற்கள் எதிர்வேலை செய்யும். தினமும் போனில் "அண்ணா" என்று பேசுபவருக்குத் திடீரென்று "தாங்கள் கூறியபடி" என்று எழுதினால் விலகி நின்று குத்துவதாக இருக்கும். பேச்சில் என்ன உறவோ, எழுத்தில் அதற்கு ஒரு படி மேலே போதும்: அண்ணா, வணக்கம், ங்கள். "பார்த்துக்கொள்ளுங்கள்" என்பது நம்பி ஒப்படைப்பதாகவும் இருக்கலாம், "பிறகு நான் பொறுப்பில்லை" என்பதாகவும் இருக்கலாம், ஆகவே தகராறான மெயிலில் வேண்டாம். குறைகளை அடுக்கிவிட்டுக் கடைசியில் தனியாக "நன்றி" என்று போட்டால் கதவைச் சாத்தும் ஓசைதான் கேட்கும். அதற்குப் பதில் அடுத்து என்ன நடக்கும் என்று எழுதி முடியுங்கள். "ஏன் தாமதம்?" என்று கேட்டால் சாக்குத்தான் வரும். "எந்த இடத்தில் நிற்கிறது?" என்று கேட்டால் தகவல் வரும்.

எழுதியதைச் சரிபார்க்க ஒரு வழி, மேலே சொன்ன 2005 ஆய்விலிருந்தே கிடைக்கிறது. எழுதியவர்களை, தாங்கள் நினைத்த தொனிக்கு நேர் எதிரான தொனியில் வாய்விட்டுப் படிக்கச் சொன்னபோது, "என் மெயில் சரியாகத்தான் புரியும்" என்ற அளவுக்கு மீறிய நம்பிக்கை குறைந்தது. "அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள்" என்பது பொதுவாகச் சொல்லும் அறிவுரை. அது போதாது, ஏனென்றால் மறுபடியும் நம் குரலிலேயேதான் படிப்போம். உங்களுக்குப் பிடிக்காத ஒருவர் உங்களுக்கு எழுதிய மெயிலாக நினைத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு படியுங்கள். அப்படிப் படிக்கவே முடியாத வாக்கியம் பத்திரமானது. அப்படிப் படிக்க எளிதாக வரும் வாக்கியத்தை மாற்றுங்கள். உங்கள் பழைய மெயிலையும் புதியதையும் இப்படிப் படித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

சப்ஜெக்ட் வரியில் "அவசரம்" என்று போடுவது இரண்டாவது வாரத்திலிருந்து வேலை செய்யாது. "லேப் டிப், நேவி, மெரூன், இன்று மாலை 4" என்று போட்டால் மெயிலைத் திறக்காமலே வேலை தெரியும். தமிழில் பெரிய எழுத்து இல்லாததால் நாம் கத்துவது வேறு விதமாக: தடித்த எழுத்து, சிவப்பு நிறம், மூன்று ஆச்சரியக்குறி. தேதியை மட்டும் தடித்ததாக்கலாம், வினையைத் தடித்ததாக்கக் கூடாது.

சி.சி. விஷயம் பெரியது. மேனேஜரின் பெயரைப் புதிதாகச் சி.சி.யில் சேர்த்தால், மெயிலில் எத்தனை "வணக்கம்" இருந்தாலும் புகார் என்றுதான் படிக்கப்படும். சேர்க்கத்தான் வேண்டும் என்றால் ஏன் என்று ஒரு வரி: "கூரியர் ஏற்பாட்டுக்காக மேனேஜர் சாரையும் சேர்த்திருக்கிறேன்." உண்மையான காரணம் இல்லாவிட்டால் சேர்க்காதீர்கள். பி.சி.சி.யில் ஒருவரை ஒளித்து வைப்பது அதைவிட மோசம். அவர் தெரியாமல் "ரிப்ளை ஆல்" அழுத்தினால் அந்த நிமிடமே எல்லோருக்கும் தெரிந்துவிடும். நினைவூட்டுவதற்கு எளிய கணக்கு: மிச்சமிருக்கும் நேரத்தில் பாதி போனதும் ஒருமுறை. காலை 8-க்கு எழுதி மாலை 4-க்குக் கேட்டிருந்தால் 12-க்கு நிலவரம், அதற்கும் பதில் இல்லையென்றால் 12.15-க்குப் போன். இரண்டாவது நினைவூட்டல் மெயில் எழுதவே வேண்டாம். "ரிமைண்டர் 3" என்ற தலைப்பில் போன மெயிலால் வேலை முடிவதைவிடப் பகை முற்றுவதே அதிகம். போனில் பேசி முடித்ததும், பேசியதை இரண்டு வரியில் மெயிலாக அனுப்புங்கள். மனஸ்தாபம் குரலில் தீரட்டும், எண்கள் எழுத்தில் இருக்கட்டும்.

பையருக்கு ஆங்கிலத்தில் எழுதும்போது வேறு கண்ணிகள் உண்டு, அவற்றில் சில தமிழிலிருந்தே போகின்றன. நமக்குச் சந்தேகம் என்றால் கேள்வியும்தான், ஐயுறவும்தான். அதை அப்படியே "டவுட்" ஆக்கி "ஐ ஹாவ் எ டவுட் அபவுட் யுவர் மெஷர்மென்ட்" என்று எழுதினால், அமெரிக்கரோ ஆங்கிலேயரோ தன் அளவை நீங்கள் நம்பவில்லை என்று படிப்பார். "கொஸ்டின்" என்று எழுதுங்கள். "ரிவர்ட்" என்றால் நமக்குப் பதில் போடுவது, அவர்களில் பலருக்குப் பழைய நிலைக்குத் திரும்புவது. நிறம் மாற்றிய ஆர்டரில் இந்தச் சொல்லைப் போட்டால் பழைய நிறத்துக்கே போகச் சொல்வதாகப் புரிந்துகொள்ள இடம் உண்டு. "டூ தி நீட்ஃபுல்" என்பதில் எது நீட்ஃபுல் என்று அவர்களுக்குத் தெரியாது, செய்ய வேண்டிய வேலையை எழுதுங்கள். "அஸ் பெர் மை லாஸ்ட் மெயில்" நமக்கு அலுவல் நடை, அவர்களுக்கு "படிக்கவே இல்லையா?" என்ற குத்தல். 05/06 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. மாதத்தை எழுத்தில் எழுதினால் ஒரு ஷிப்மென்ட் தப்பும்.

வாட்ஸ்அப்பில் நீங்கள் தனியாகக் கேட்ட முற்றுப்புள்ளி விஷயம்: குறுஞ்செய்திப் பதிலின் கடைசியில் முற்றுப்புள்ளி வைத்தால் மனப்பூர்வமாக இல்லாததுபோல் தெரிகிறது என்று பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களிடம் நடந்த ஆய்வு சொன்னது உண்மை. கையால் எழுதிய குறிப்பில் அந்த வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்கள் அமெரிக்க மாணவர்கள், செய்திகள் ஆங்கிலம், பதில்கள் ஒற்றைச் சொல். ஐம்பது வயது டையிங் உரிமையாளர் தமிழ்ச் செய்தியில் முற்றுப்புள்ளியை அப்படிப் படிப்பார் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. அவரிடம் உங்களுக்கு எதிராகப் போகக்கூடியது வெறும் "ஓகே"யும் "ம்"மும்தான். "சரிங்கண்ணா" என்று நான்கு எழுத்து கூடுதலாகத் தட்டிவிடுங்கள். இன்னொன்று, அவர் வயதுக்காரர்கள் வரிக்கு வரி மூன்று புள்ளி வைப்பது மூச்சு விடுவதற்காக, அதை முறைப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சிரிப்புக்குறி தோன்றியதே இந்தச் சிக்கலால்தான். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1982 செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன், வேடிக்கையாக எழுதியதை வேடிக்கை என்று காட்ட முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்து முகம் ஆக்கினார். நன்றிக்கும் வாழ்த்துக்கும் படம் நல்லது. கண்டிப்பான வரியின் பின்னால் போட்டால் நையாண்டி ஆகிவிடும். கட்டைவிரல் குறியில் பணமும் இருக்கிறது. கனடாவின் சஸ்காட்சவானில் 2023-இல் ஒரு வழக்கு: ஆளி விதை வாங்க ஒப்பந்தத்தின் படத்தை அனுப்பினார் வாங்குபவர், விவசாயி கட்டைவிரலைப் பதிலாக அனுப்பினார், சரக்கு வரவில்லை. அந்தக் கட்டைவிரல் ஒப்புதல் கையெழுத்துக்குச் சமம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து, 82,000 கனடிய டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. அவர்களுக்குள் முன்பும் சுருக்கமாக "சரி" சொல்லியே வியாபாரம் நடந்திருந்தது தீர்ப்புக்கு ஒரு முக்கியக் காரணம். அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் இங்கேயும் மெயில்வழி ஒப்புதல் செல்லும். ட்ரைமெக்ஸ், வேதாந்தா அலுமினியம் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம், மெயில்களிலேயே ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவும் மின்னணு ஒப்பந்தத்தை ஏற்கிறது. ஆகவே விலைப்பட்டியல் வந்தால் மரியாதைக்காகக் கட்டைவிரல் காட்டாதீர்கள். "பார்த்தேன் அண்ணா, விலைக்கு ஒப்புதல் நாளை 11-க்குள் சொல்கிறேன்" என்று எழுதுங்கள்.

கோபத்தில் எழுதுவதைப் பற்றி 1995-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1855 என்ற இணைய நடத்தை விதிகளே சொல்லிவிட்டன: உணர்ச்சிவசப்பட்ட பதிலை ஓர் இரவு வைத்திருந்து அனுப்பு. ஷிப்மென்ட் நாளில் இரவெல்லாம் காத்திருக்க முடியாதுதான். அதனால் கருவியில் தடை போடுங்கள். ஜிமெயில் அமைப்புகளில் "அன்டூ செண்ட்" நேரத்தை 5 வினாடியிலிருந்து 30 ஆக்குங்கள். அவுட்லுக்கில் எல்லா மெயிலும் சில நிமிடம் தாமதித்துப் போகும்படி விதி எழுதலாம், 120 நிமிடம் வரை. அவுட்லுக் "ரீகால்" பொத்தானை நம்பாதீர்கள். ஒரே நிறுவனத்துக்குள் மட்டுமே வேலை செய்யும், யூனிட்காரரின் ஜிமெயிலுக்குப் போனது போனதுதான். வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், ஏறத்தாழ இரண்டரை நாளுக்குள் எல்லோருக்கும் அழிக்கலாம், ஆனால் அழித்த தடம் தெரியும், அது அழித்ததைவிட அதிகமாக யோசிக்க வைக்கும். பதில் எழுதத் தொடங்கும்போதே "டூ" கட்டத்தில் இருக்கும் முகவரியை அழித்துவிட்டு, எழுதி முடித்த பின் சேர்ப்பது எல்லாவற்றையும்விட எளிய தடுப்பு.

சொல்லாமல் விடக்கூடாத ஒன்று. இதே மூன்று வரியை உங்கள் மேனேஜர் அனுப்பியிருந்தால் அந்த உரிமையாளர் "ஸ்ட்ரிக்ட்டான ஆள்" என்று சொல்லிவிட்டு லேப் டிப்பை அனுப்பியிருக்கக்கூடும். வயதில் சின்னவர், பெண், கேட்கும் இடத்தில் இருப்பவர் என்பதெல்லாம் சேர்ந்துதான் "திமிர்" என்ற சொல் வந்தது, அதில் எழுத்தின் பங்கு எவ்வளவு, மற்றவற்றின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்து எடைபோட முடியாது. பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. மேலே எழுதிக் காட்டிய மாதிரியில் இரண்டு மூன்று வாரம் எழுதிப் பாருங்கள். அப்போதும் அதே பேச்சு வந்தால் கோளாறு மெயிலில் இல்லை. அந்த மெயில்களை அப்படியே மேனேஜரிடம் காட்டி, "இதில் எந்த வரி சார்?" என்று கேளுங்கள். காரணமும் மணியும் இருக்கும் மெயில் அந்த நேரத்தில் உங்கள் பக்கம் நிற்கும்.

நடந்து முடிந்ததற்கு விளக்க மெயில் எழுத வேண்டாம். "நான் அந்த அர்த்தத்தில் எழுதவில்லை" என்ற வரியும் தொனி இல்லாத எழுத்தாகத்தான் போய்ச் சேரும். நாளைக் காலை யூனிட்டில் வேலை தொடங்கும் நேரத்தில் போன் செய்யுங்கள். "அண்ணா, அன்னைக்கு மெயில்ல அவசரத்துல சுருக்கமா எழுதிட்டேன், கூரியர் டென்ஷன்ல இருந்தேங்க. மெரூன் இப்ப எப்படிங்கண்ணா இருக்கு?" இரண்டு வாக்கியம் போதும், மூன்றாவதாக மன்னிப்பை நீட்டாமல் மெரூனுக்குப் போய்விடுங்கள். அவர் மெரூனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டால், போனை வைத்ததும் அவர் சொன்ன மணியை எழுதி ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள்.